பட்டனுக்குப் பல் எடுத்த கதை

1

எங்கள் வீட்டு முயலுக்கு முன்பற்கள் ஆறையும் எடுக்க நாள் குறித்திருக்கிறது என்று வெம்பக்கோட்டைக்குப் போன் செய்து சொன்னேன். என் மச்சினன் கருப்பசாமி கேட்ட முதல் கேள்வி, "எதுக்கு அத்தான், பல்செட்டு கட்டவா?" என்பதுதான்.

இரண்டாவது கேள்வியை அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க நினைத்தது என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் முயல் பண்ணை வைக்கும் ஆசை ஊர் ஊராகப் பரவிய காலத்தில் கருப்பசாமியும் கொல்லையில் இரண்டு கூண்டு வைத்திருந்தான். அந்த முயல்களில் எதற்கும் பல்நோய் வரும் அளவுக்கு ஆயுள் வாய்க்கவில்லை.

நான் விருதுநகர் மாவட்டத்தில் வருவாய்த் துறையில் இருந்தவன். பணியின் கடைசி ஆண்டுகளில் பட்டாசு ஆலைகளை ஆய்வு செய்யும் தனி வட்டாட்சியர். சூலக்கரை ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பதும், ஜீப்பில் ஏறிச் சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்குவதும் வேலை. ஒரு அறைக்கு எத்தனை பேர், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஓய்வுக்குப் பிறகு மகள் செல்வியோடு இங்கிலாந்தில் வந்து தங்கிவிட்டோம், நானும் என் மனைவி பேச்சியம்மாளும். அவள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். விருதுநகர் வீட்டுக்கே திரும்பிவிடும் பேச்சும் எங்களுக்குள் அவ்வப்போது வரும். இங்கே எனக்குத் தெரிந்த நடைமுறை எதையும் யாரும் கேட்பதில்லை. அதனால் கிடைத்த விஷயத்தில் எல்லாம் மூக்கை நுழைக்கும் பழக்கம் வந்துவிட்டது. முயலின் வாய்க்குள் நுழைந்ததும் அப்படித்தான்.

முயலின் பெயர் பட்டன். பேத்தி ஆதிரை வைத்த பெயர். காது இரண்டும் தொங்கிக்கொண்டு, முகம் தட்டையாக, கையில் எடுத்தால் ஒரு கட்டு நூல்கண்டு போல இருக்கும். ஆதிரைக்குப் பதினொரு வயது. எங்களோடு பேசும் தமிழ் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. முயலோடு அவள் மணிக்கணக்காகப் பேசுகிறாள்.

2

இங்கே நவம்பர் தொடக்கத்தில் ஒருநாள் ஊரே வெடி வெடிக்கும். எப்போதோ ஒருவன் நாடாளுமன்றத்தை வெடி வைத்துத் தகர்க்கப் பார்த்து, பிடிபட்டானாம். தகராமல் போன கட்டடத்துக்காக வெடி வெடிப்பதன் தர்க்கம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் வெடி வெடிக்கக் காரணம் கேட்பவன் எங்கள் மாவட்டத்துக்காரனாக இருக்க முடியாது. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் நட்டு வைத்துக் கொளுத்தியதை நானும் சன்னலோரம் நின்று பார்த்தேன். பொறி சிதறும் விதம், நிறம் மாறும் இடைவெளி எல்லாவற்றுக்கும் மனத்துக்குள் மதிப்பெண் போட்டேன்.

மறுநாள் பட்டன் சாப்பிடவில்லை. போட்ட புல் போட்டபடி கிடந்தது.

"தாத்தா, உங்க ஊர் வெடியாலதான் அது பயந்துருச்சு" என்றாள் ஆதிரை. சத்தமில்லாமல்தான் சொன்னாள். ஆனால் நான் ஏதோ கூண்டுக்குள் சரவெடியைப் போட்டவன் போலப் பார்த்தாள்.

எங்கள் ஊர்ச் சரக்கின் மேல் குற்றச்சாட்டு வந்தால் சும்மா இருக்க முடியுமா? பக்கத்துத் தோட்டத்து வேலியோரம் விழுந்து கிடந்த காலிக் குழலை எடுத்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். வேறு நாட்டுத் தயாரிப்பு.

"நம்ம சரக்கு இல்ல" என்று வீட்டில் அறிவித்தேன்.

"ரொம்ப முக்கியம்" என்றாள் பேச்சியம்மாள். "முயலு பட்டினி கெடக்கு, இவுக லேபிள் பாக்காக."

குற்றவாளி யார் என்று தெரியாமல் கோப்பை முடித்துவைத்து எனக்குப் பழக்கமில்லை. நாற்காலியைக் கூண்டுக்கு எதிரே போட்டுக்கொண்டு காலை முழுவதும் உட்கார்ந்தேன். முயல் சாப்பிடாமல் இல்லை. சாப்பிட வந்தது. ஆவலாகத்தான் வந்தது. புல்லை முகர்ந்தது, வாயைக் கொண்டுபோனது, ஒரு இணுக்கைப் பிடிக்கப் பார்த்தது. புல் நழுவி விழுந்தது. மறுபடி பிடித்தது, மறுபடி விழுந்தது. பிறகு போய் மூலையில் உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது. பயந்த பிராணி சாப்பாட்டுப் பக்கமே வராது. இது வருகிறது, முடியாமல் திரும்புகிறது. தாடைக்குக் கீழே ரோமம் ஈரமாக ஒட்டியிருந்தது.

ஆதிரையைக் கூப்பிட்டேன். அவள் பட்டனை மடியில் போட்டு, மேலுதட்டை விரலால் மெதுவாக விலக்கினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைக் குனிந்ததில் முட்டிக்கொண்டோம்.

கீழ்ப்பல் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு மேல்நோக்கி வளைந்திருந்தன. மேற்பல் இரண்டும் உள்நோக்கிச் சுருண்டு போய்க்கொண்டிருந்தன. ஒன்றை ஒன்று தொடவே இல்லை. மாட்டுக் கொம்பை யாரோ தவறிப்போய் வாய்க்குள் நட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"இது எப்ப வளந்துச்சு?" என்றாள் ஆதிரை. அவளுக்கு என் மேல் இருந்த கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது பயம்.

மாலையில் கருப்பசாமிக்கு விஷயத்தைச் சொன்னேன். "கொறடு இருக்கா? நறுக்கி விட்டுருங்க அத்தான். ஆட்டுக்கு குளம்பு நறுக்குறதில்லையா" என்றான். அப்படி நறுக்கினால் பல் வேர்வரை பிளந்து சீழ் வைத்துவிடும் என்று டாக்டர் பிறகுதான் சொன்னார். நல்லவேளையாக எங்கள் வீட்டில் குறடு இல்லை. இருந்திருந்தால் நான் எடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

3

கால்நடை மருத்துவமனை என்றால் எனக்குத் தெரிந்தது காரியாபட்டிப் பக்கம் பார்த்த ஓட்டுக் கட்டடம். வேப்பமரத்தில் நாலு மாடு கட்டியிருக்கும். இங்கே வாசலில் கம்பளம், சுவரில் நாய்களின் பல் துலக்கும் முறை பற்றிய படம், காத்திருக்கும் இடத்தில் பூனைகளுக்குத் தனி வரிசை. பூனை நாயைப் பார்த்து மனம் நொந்துபோகக் கூடாதாம். முயல்களைப் பூனைப் பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். அதை மட்டும் நான் அங்கிருந்த பெண்ணிடம் சுட்டிக்காட்டினேன். பூனைகள் அப்படி நினைக்காது என்று சிரித்தாள். முயல் என்ன நினைக்கும் என்பதுதான் என் கேள்வி.

உள்ளிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்: "பட்டன் சங்கரலிங்கம்?"

சங்கரலிங்கம் நான். இந்த நாட்டில் என் பெயர்தான் என் மகளுக்குக் குடும்பப் பெயர். மகளின் பெயரில் பதிந்ததால் முயலுக்கும் அதே. பணிக்காலத்தில் அந்தப் பெயரை எத்தனையோ உரிமங்களின் அடியில் கையெழுத்தாகப் போட்டிருக்கிறேன். இப்போது அது கூண்டுக்குள் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பேச்சியம்மாள் என் பக்கம் சாய்ந்து, "பேரு சொல்ல ஒரு பிள்ளை இல்லைன்னு கவலைப்பட்டீகளே" என்றாள்.

டாக்டர் இளம்பெண். தன்னை ஹெலன் என்றே கூப்பிடச் சொன்னார். என்னால் முடியவில்லை. கடைசிவரை டாக்டரம்மா என்றுதான் மனத்தில் வந்தது. காது பார்க்கும் கருவி போன்ற ஒன்றை முயலின் வாய்க்குள் விட்டு, உள்ளே கடைவாய்ப் பற்களையும் பார்த்தார். அவை நன்றாக இருந்தன. கோளாறு முன்னால்தான்.

அவர் விளக்கியதை நான் ஒரு பள்ளிப் பையனைப் போலக் கேட்டேன். முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். மேலும் கீழும் உரசித் தேய்ந்துகொண்டே இருந்தால்தான் அளவில் நிற்கும். பட்டனுக்கு மேல்தாடை குட்டை. பற்கள் ஒன்றை ஒன்று சந்திப்பதே இல்லை. உரசுவதற்கு எதிராள் இல்லாததால் அவை தம்பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகின்றன. உராய்வு போதவில்லை, அதுதான் நோய் என்றார்.

உராய்வு போதவில்லை என்று ஒருவர் குறை சொல்லி நான் கேட்டதே கிடையாது. எங்கள் பக்கம் அது எமனின் பெயர். வெடிமருந்தை அலசிக் கலக்கும்போது உராய்வு, திரியைச் செருகும்போது உராய்வு, தரையில் பெட்டியை இழுத்தால் உராய்வு. ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறதா, செருப்பைக் கழற்றியிருக்கிறார்களா, இரும்புச் சாமான் ஏதாவது உள்ளே கிடக்கிறதா என்று தேடித் தேடிப் பார்ப்பதே என் வேலை. அதையும் மீறி விபத்து நடந்துவிட்டால் அறிக்கையின் முதல் வரி, உராய்வு காரணமாக என்றுதான் ஆரம்பிக்கும். இரண்டாவது வரி தொழிலாளியின் கவனக்குறைவு. கவனக்குறைவாக இருந்தவர் என்று எழுதப்படுபவர் அதை மறுத்துப் பேச அநேகமாக இருக்க மாட்டார்.

அந்தப் பழக்கத்தில் டாக்டரிடமும் காரணம் கேட்டேன். நாங்கள் கொடுத்த தீனியா? இல்லை. வெடிச் சத்தமா? இல்லவே இல்லை. அப்படியானால் யார் பொறுப்பு? முகம் தட்டையாக, குட்டையாக இருந்தால் அழகு என்று மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதில் வந்த வினை, இந்த முயலும் செய்யவில்லை நீங்களும் செய்யவில்லை என்றார். ஒரு விசாரணை இப்படி முடிந்து நான் பார்த்ததில்லை.

ஆதிரை அத்தனை நேரமும் பட்டனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். என்ன பேசுகிறாள் என்று ஒட்டுக்கேட்டேன். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, அம்புட்டுத்தான், அம்புட்டுத்தான்." ஊசி போடும் போதெல்லாம் செல்வி அவளுக்குச் சொல்வது. விளையாடும்போது இங்கிலீஷ், சமாதானப்படுத்தும்போது தமிழ் என்று அவள் எப்போது பிரித்து வைத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாள் என்று கேட்கவில்லை.

4

அன்று சிறு சக்கரம் ஒன்றைச் சுழல விட்டுப் பற்களைத் தேய்த்துக் குறைத்து அனுப்பினார்கள். பட்டன் அன்று மாலையே சாப்பிட்டது. கோப்பு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்துத் தாடை மறுபடி ஈரம்.

அதிலிருந்து மாதா மாதம் ஓட்டம். எங்கள் அலுவலகத்தில் உரிமம் புதுப்பிக்க வருகிறவர்களை நான் சலிப்போடு பார்த்தது நினைவுக்கு வந்தது. இப்போது நான் அந்தப் பக்கம் நின்றேன். ஒவ்வொரு முறையும் கூண்டைத் தூக்கியதுமே முயல் நடுங்க ஆரம்பித்துவிடும். செல்வி ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் அரைநாள் கேட்க வேண்டும். எனக்கு இங்கே கார் ஓட்ட உரிமம் இல்லை. உரிமம் இல்லாத சங்கரலிங்கம் என்று என் மனைவி சொல்லிக் காட்டுவாள்.

கோடை முடியும் சமயம் டாக்டர் ஒரு முடிவுக்கு வரச் சொன்னார். மூன்று வழி. இப்படியே மாதா மாதம் தேய்ப்பது, அதன் வாழ்நாள் முழுக்க. அல்லது முன்பற்கள் ஆறையும் வேரோடு எடுத்துவிடுவது. மூன்றாவதை அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஊசி போட்டு உயிரை முடிப்பதைத் தூங்க வைத்துவிடுவது என்று இவர்கள் சொல்கிறார்கள். ஆதிரைக்குப் புரியாது என்று நாங்கள் நினைத்தோம். அவள் பட்டனின் கூண்டை மேசையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆறு என்ற கணக்கே எனக்குப் புதிது. முன்னால் தெரிவது நாலுதான். மேற்பல் இரண்டுக்கும் பின்னால் முளைக்குச்சி போல இன்னும் இரண்டு சின்னப் பற்கள் ஒளிந்திருக்கின்றன. முயலுக்கு மட்டும் உள்ள ஏற்பாடு. எலிக்குக் கிடையாதாம். அன்று முழுவதும் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆதிரை மட்டும் வேறு கேள்வி கேட்டாள்.

"பல்லு இல்லாம அது எப்படிச் சாப்பிடும்?"

டாக்டர் சொன்ன பதிலைச் செல்வி ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் வைத்து மறுபடி சொன்னாள். கடைவாய்ப் பற்கள் இருக்கின்றன, அரைப்பது அவைதான். முன்பல் கடித்து வெட்டுவதற்கு மட்டும். வெட்டும் வேலையை நாம் செய்து, மெல்லிசாக நறுக்கிப் போட்டால், உதட்டாலேயே பொறுக்கி உள்ளே தள்ளக் கற்றுக்கொள்ளும். பெரும்பாலான முயல்கள் கற்றுக்கொள்கின்றன.

"பெரும்பாலானன்னா?"

"எல்லாம் இல்ல" என்றாள் செல்வி. "முயலு வயிறு சும்மா இருக்கக் கூடாதாம்டா. ஓடிக்கிட்டே இருக்கணும். ஆபரேஷனுக்கு அப்புறம் தானாச் சாப்பிட ஆரம்பிக்கலைன்னா குடல் நின்னு போகும். அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது. அந்த ஒண்ணு ரெண்டு நாள்தான் விஷயம்."

"சாப்பிடும்னு டாக்டர் ப்ராமிஸ் பண்ணாங்களா?"

"பண்ணல."

பேச்சியம்மாள் காப்பியை ஆற்றிக்கொண்டே, "தெரியாததைத் தெரியலைன்னு சொல்றா. அவ கிட்டயே செய்யலாம்" என்றாள். வகுப்பில் விடை தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளையிடம் அவளுக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. தெரிந்த மாதிரி எழுதுகிறவர்களிடம்தான் கோபம். அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்த்திருக்கத் தேவையில்லை.

மறுநாள் ஆதிரை பள்ளியிலிருந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல், "எடுத்துரலாம்" என்றாள். மாதா மாதம் அது நடுங்குவதைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்றாள்.

5

அறுவை சிகிச்சை நாளன்று காலையில் முதலில் எழுந்தவன் நான். எழுந்ததும் கூண்டிலிருந்த புல், தண்ணீர் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தேன். எனக்கு மதுரையில் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தபோது முந்தின இரவிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரவில்லை. மயக்க மருந்து என்றால் வெறும் வயிறு. இதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆதிரை மாடியிலிருந்து இறங்கி வந்து காலிக் கூண்டைப் பார்த்தாள். "யாரு எடுத்தா?"

"நாந்தான். ஆபரேஷன்னா வெறும் வயித்தோடதான் போகணும்."

"தாத்தா, முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது. பட்டினி போடக் கூடாது, கடைசி வரைக்கும் சாப்பிடணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல." சொல்லிக்கொண்டே புல்லை அள்ளி உள்ளே போட்டாள். டாக்டர் அதைச் சொன்னபோது நான் அந்த மறைந்த இரண்டு பற்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"எல்லா சட்டமும் தெரிஞ்ச ஆளு" என்றாள் பேச்சியம்மாள். "எந்தப் பிராணிக்கு எந்தச் சட்டம்னுதான் தெரியாது."

மருத்துவமனையில் சம்மதப் படிவம் கொடுத்தார்கள். பக்கம் பக்கமாகப் படிவம் தயாரித்தவன் என்ற முறையில் நான் ஒப்புக்கொள்கிறேன், நல்ல படிவம். ஒரு கேள்வியில் செல்வியின் பேனா நின்றுவிட்டது. மயக்கத்தில் இருக்கும்போது இதயம் நின்றுபோனால் மீண்டும் இயக்க முயற்சி செய்யலாமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஆதிரை அம்மாவின் கையிலிருந்து பேனாவை வாங்கி ஆம் என்ற கட்டத்தில் அழுத்திக் குறியிட்டாள். காகிதம் கொஞ்சம் கிழிந்தது. எங்கள் ஆலைப் படிவங்களில் தீயணைப்பு வாளி எத்தனை என்று கேட்போம், மணல் எவ்வளவு என்று கேட்போம். உள்ளே இருக்கும் ஆளின் இதயத்தைப் பற்றி ஒரு கட்டம் இருந்ததாக நினைவில்லை.

மத்தியானம் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. செல்வி ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கத்துப் பெண், "பட்டனைப் பற்றிப் பேசுகிறேன்" என்று ஆரம்பித்து, அடுத்த வாக்கியத்தில் எக்ஸ்பயர் ஆகிவிட்டது என்றாள். நம் ஊரில் மனிதன் எக்ஸ்பயர் ஆனால் அடுத்தது பந்தல் போட வேண்டும். பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எக்ஸ்பயர் ஆனது தடுப்பூசியின் காலக்கெடு. குணமானதும் புதிதாகப் போட வேண்டுமாம். ஆபரேஷன் முடிந்துவிட்டது, பட்டன் விழித்துவிட்டது, மாலையில் அழைத்துப் போகலாம் என்று கடைசியில்தான் சொன்னாள். சேதியை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று இவர்களுக்கு யாராவது சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

மாலையில் பட்டனை வீட்டுக்கு அழைத்து வந்தபோது ஆதிரை பற்களையும் கேட்டு வாங்கி வந்திருந்தாள். சிறு உறையில் ஆறும். மேசையில் கொட்டிப் பார்த்தோம். வெளியே தெரிந்தது சிறு நுனி மட்டும்தான் போல. மிச்சமெல்லாம் எலும்புக்குள் புதைந்து, பிறைபோல வளைந்து, பிடி எது அலகு எது என்று சொல்ல முடியாத அரிவாளைப் போல இருந்தது. ஒளிந்திருந்த இரண்டும் சாதத்தில் கிடக்கும் குறுநொய் அளவு. இதை உடையாமல் எடுப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நான் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பட்டன் சாப்பிடவில்லை.

வலிமருந்து கொடுத்திருந்தார்கள். புல்மாவைத் தண்ணீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தச் சொல்லியிருந்தார்கள். செல்வி பிடித்துக்கொள்ள, ஆதிரை செலுத்தினாள். விழுங்கியது. அது நாம் ஊட்டுவது. தானாகச் சாப்பிட வேண்டும். முன்னால் போட்ட இலையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

6

மறுநாள் சனிக்கிழமை. பள்ளி இல்லை. ஆதிரை கூண்டைத் திறந்து கூடத்தில் துண்டு விரித்து அதன் மேல் பட்டனை விட்டிருந்தாள். கொத்தமல்லி, காய்ந்த புல், கீரைத் தண்டு எல்லாம் மெல்லிசாகக் கிள்ளி எதிரே வைத்திருந்தாள். தானும் தரையில் குப்புறப் படுத்து, முகத்தை முயலின் உயரத்துக்கு வைத்துக்கொண்டாள். யாரும் குறுக்கே நடக்கக் கூடாது என்று உத்தரவு. காலையில் டாக்டருக்குப் போன் செய்ததில், மாலைக்குள் தானாகச் சாப்பிடாவிட்டால் திரும்பக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். திரும்பக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதை அவரும் சொல்லவில்லை, ஆதிரையும் கேட்கவில்லை.

பதினோரு மணி வாக்கில் பட்டன் இலைப் பக்கம் வந்தது. முகர்ந்தது. பழைய வழக்கப்படி வாயைத் திறந்து கடிக்கப் போனது. கடிக்க அங்கே ஒன்றும் இல்லை. கொத்தமல்லி அப்படியே கிடந்தது. பட்டன் தலையைத் தூக்கி, ஏதோ கேட்டு மறந்துபோன ஆளைப் போல நின்றது. மறுபடி குனிந்தது. இலை நழுவித் தள்ளிப் போனது. துண்டின் விளிம்பு வரைக்கும் அந்த ஒரு இலையைத் தள்ளிக்கொண்டே போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த நேரத்தில் கருப்பசாமி வீடியோவில் கூப்பிட்டான். ஊரில் சாயங்காலம். பின்னால் ஆடுகள் நின்றன.

"என்ன தாயி, குப்புறக் கெடக்க? முயலு என்ன சொல்லுது?"

"ஷ்ஷ், மாமா" என்றாள் ஆதிரை. அவள் அவனை மாமா என்பதா, சின்னத் தாத்தா என்பதா என்று தெரியாமல் மாமா என்றே கூப்பிடுவாள். அவன் திருத்துவதில்லை.

"பல்ல என்ன செஞ்சீக அத்தான்?" என்றான் என்னிடம், குரலைத் தாழ்த்தி.

"உறையில இருக்கு."

"சாணில பொதிஞ்சு கூரை மேல எறிய வேண்டாமா?"

ஆதிரை தலையைத் திருப்பினாள். "எதுக்கு?"

"நம்ம ஊர்ல பால்பல்லு விழுந்தா அப்படித்தான் தாயி எறிவோம். அப்பத்தான் புதுப் பல்லு நல்லா மொளைக்கும். உங்க அம்மா பல்லக்கூட நான்தான் எறிஞ்சேன்."

ஆதிரையின் முகம் வெளுத்துவிட்டது. "முளைக்கக் கூடாது" என்றாள். அடியில் ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் பல் மறுபடி வளரக்கூடும், அதற்காகத்தான் இன்னும் சில வாரம் கழித்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். "அதைக் கூரைகிட்டக் கொண்டு போகாதீங்க தாத்தா. உறையை எங்க வச்சீங்க?"

இந்த வீட்டில் சாணியும் இல்லை, ஏறக்கூடிய கூரையும் இல்லை. இருந்தாலும் நான் எழுந்து போய் உறையை எடுத்து, அடுக்களையில் அரிசிப் பாத்திரத்துக்கும் கீழே, தரையோடு தரையாக, அடி அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். மேலே எறிந்தால் முளைக்கும் என்றால் கீழே வைத்தால் முளைக்காது. விதியில் அப்படி ஒன்றும் இல்லை. பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது ஆதிரை கத்தரிக்கோலால் கொத்தமல்லியை இன்னும் பொடியாக நறுக்கிக்கொண்டிருந்தாள். தண்டையும் விரற்கடைக்கும் குறைவாக வெட்டி, நீளவாக்கில் எதிரே நீட்டினாள். பட்டன் மேலுதட்டை முன்னால் நீட்டியது. அந்த உதடு நடுவில் பிளந்திருக்கும், தெரியுமல்லவா. அந்தப் பிளவின் இரண்டு பக்கமும் இரண்டு விரலைப் போல மடங்கியது. தண்டின் நுனி உள்ளே போனது. நின்றது. இன்னும் கொஞ்சம் போனது.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. கடைவாயில் அரைபடும் சத்தம். நறநறவென்று, சின்னதாக, விடாமல். அங்கே உராய்வு நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பட்டன் அடுத்த துண்டை எடுத்தது. அதற்கடுத்தது. ஒன்று நழுவி விழுந்தது, அதையும் தேடிப் போய் எடுத்தது. போனுக்குள் வெம்பக்கோட்டையும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு ஆடு மட்டும் இடையில் கத்தியது.

ஆதிரை அழவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். அவள் யோசிக்கும்போது பேச்சியம்மாளைப் போலவே விரலை மடக்குவாள்.

"முயல் எத்தனை வருஷம் இருக்கும்?"

"நல்லாப் பாத்துக்கிட்டா எட்டு, பத்து வருஷம் இருக்கும்னு டாக்டர் சொன்னாங்க" என்றாள் செல்வி.

"தினமும் நறுக்கணும்."

"ஆமா."

"அதுக்குள்ள நான் யுனிவர்சிட்டி போயிருவேன். அப்ப யாரு நறுக்குவா?"

செல்வி வாயெடுப்பதற்குள் கருப்பசாமி சிரித்தான். "ஏன், ஒங்க தாத்தாவுக்கு வேற என்ன சோலி?"

எல்லோரும் சிரித்தோம், ஆதிரையைத் தவிர. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதில் வேண்டும். என் பணிக்காலம் முழுவதும் யாருக்கும் நான் உறுதி கொடுத்தவனில்லை. உரிய பரிசீலனைக்குப் பின் என்று எழுதுவேன், விதிகளுக்கு உட்பட்டு என்று எழுதுவேன். எட்டு ஆண்டு, பத்து ஆண்டு என்று கணக்குப் பார்த்தால் அது முயலின் வயது மட்டுமில்லை. பேச்சியம்மாளைப் பார்த்தேன். கணக்கு டீச்சர். அவளும் அதே கூட்டலைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. போட்டு முடித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"நறுக்குறேன்" என்றேன்.

ஆதிரை கத்தரிக்கோலை என் பக்கம் நகர்த்தினாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அளவு காட்டினாள். "இவ்ளோதான். இதுக்கு மேல நீளமா வேணாம்."

கஷ்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் ஆட்சேபணை தெரிவித்தன. ஒரு தண்டை எடுத்து, அவள் காட்டிய அளவுக்கு வெட்டி நீட்டினேன். அந்தப் பிளந்த உதடு என் விரலை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, தண்டை மட்டும் எடுத்துக்கொண்டது.

போனுக்குள் கருப்பசாமி முகத்தைத் திரைக்கு நெருக்கிக் கொண்டுவந்தான். தை பிறந்ததும் நாங்கள் ஊருக்கே வந்து இருந்துவிடுவது என்று ஒரு பேச்சு உண்டு. விருதுநகர் வீட்டுக்கு வெள்ளையடிக்க அவன்தான் ஆள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப தைக்கு வரலையா அத்தான்?" என்றான்.

"மெதுவாப் பேசு மாப்ளே" என்றேன். "சாப்பிடுது."